நாலு வருஷத்து மீசை

கன்னியாஸ்திரிகள் நடத்துகிற எங்கள் பெண்கள் பள்ளியில் ஆண் வேடத்துக்கு ஆள் எடுப்பது ரொம்பச் சுலபம். ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, மன்ற நேரமான கடைசி இரண்டு பீரியடில், நுண்கலை மன்றத்துப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உயர வரிசையில் நிறுத்துவார்கள். உயரமான முனையிலிருந்து ஆறு பேரை எண்ணித் தனியாக ஒதுக்குவார்கள். அந்த ஆறு பேரும் அந்த வருஷம் முழுக்க ஆம்பிளைகள். நடிப்பு வருமா, குரல் எப்படி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோதே நான் எட்டாம் வகுப்பு அக்காமார் உயரத்துக்கு இருந்தேன். அதனால் முதல் நாடகத்திலேயே எனக்கு மீசை முளைத்துவிட்டது. கண்மைக் குச்சியால் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு வரை நாலு வருஷம் அந்த மீசை போகவே இல்லை. நான் போலீஸ், பண்ணையார், டாக்டர், வரதட்சணை கேட்கிற மாமனார், ஹெல்மெட் போடாமல் போய் விழுகிறவன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மட்டும் பதவி இறங்கி முதல் இடையன். நாடகம் முடிந்து தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் மீசையின் நிழல் இரண்டு நாள் மேலுதட்டில் கிடக்கும். முக்கூடல் பஸ்ஸில் கண்டக்டர் வேண்டுமென்றே, “தம்பி, பைய உள்ள ஏறு” என்பார். இரட்டைச் சடையும் ரிப்பனுமாக நிற்கிறவளைப் பார்த்துத் தம்பி என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேறு மன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போய்ப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் அறிவியல் மன்றத்தில் நாலு வாரம் இருந்தேன். அங்கே ஒரே மைக்ரோஸ்கோப். நாற்பது பேர் வரிசையில் நின்று வெங்காயத் தோலைப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். சுற்றுச்சூழல் மன்றத்தில் பள்ளிக்குள் இருக்கிற செடிக்கெல்லாம் தண்ணீர் சுமக்க வேண்டும், உயரமானவளுக்குப் பெரிய வாளி. கடைசியாக இலக்கிய மன்றத்தில் சேர்ந்தேன். அங்கே பட்டிமன்றம் போட்டார்கள். நடுவர் ஆண்தானாம். கண்மைக் குச்சியை எடுத்துக்கொண்டு அங்கேயும் வந்துவிட்டார்கள். அடுத்த வாரமே நான் பேசாமல் நுண்கலை மன்றத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். எப்படியும் மீசைதான் என்றால் நாடகத்திலாவது வைத்துக்கொள்வோம் என்று பட்டது.

இதில் உண்மையான சந்தோஷம் என் அப்பாவுக்குத்தான். எங்கள் வீட்டில் மூன்றும் பெண். அக்காமார் இரண்டு பேரும் அம்மா மாதிரி ஒடிசலாக, அடக்கமாக இருப்பார்கள். நான் மட்டும் அப்பாவின் உயரம், அப்பாவின் குரல். அப்பா ‘குட்டியானை’ என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். ஆற்றங்கரைத் தோட்டங்களில் வெட்டுகிற வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு டவுன் மண்டியில் இறக்குவது அவர் வேலை. பள்ளியில் என் நாடகம் இருக்கிற நாளில் தாரை இறக்கிய கையோடு வண்டியைப் பள்ளிக்கு ஓட்டிவந்து, காம்பவுண்டு சுவரை ஒட்டிக் கடைசியில் நின்று பார்ப்பார். மறுநாள் மண்டியில் எல்லோரிடமும் சொல்லுவார்: “எனக்கு மூணும் பொட்டப் பிள்ளையன்னு யாரு சொன்னா? கடைசி ஒண்ணு மவனாக்கும். போலீஸ் வேசத்துல வந்து நின்னா பாக்கணும் நீரு!”

சொல்லுவது பெருமைக்குத்தான், எனக்கும் தெரியும். சின்ன வயதில் அதைக் கேட்டு நானும் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். ஆனால் பதினாலு பதினைந்து வயதில் அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். அக்காமாருக்கு வளையல் வாங்கிவருவார், எனக்கு வாட்ச். அவர்களுக்குத் தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை எடுத்த காலம் உண்டு. என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், “உனக்கு இதெல்லாம் எதுக்குளா” என்று அவரே சொல்லிவிடுவார். கோபமாக இருக்கும், ஆனால் கோபப்பட என்ன இருக்கிறது என்றும் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரே ஒரு தடவை மேடையில் பெண்ணாக நிற்க வேண்டும், அதை அப்பா பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, இவளும் எனக்கு ஒரு மகள்தான் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

எங்களுடையது உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்போடு சரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மன்றம் எதிலும் சேர்க்கமாட்டார்கள். பாடம், டெஸ்ட், மறுபடியும் டெஸ்ட். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் நடக்கிற கிறிஸ்துமஸ் நாடகம் ஒன்றுக்குத்தான் அனுமதி. எனக்குக் கடைசி மேடை அதுதான். அதிலும் உயரத்தைப் பார்த்து முதல் இடையன் என்று எழுதியாகிவிட்டது. ஆட்டுக்கோலும் சாக்குத் துணியும் கையில் வந்துவிட்டன.

அந்த வருஷம் நுண்கலை மன்றத்துக்கு ஒரு புது சிஸ்டர் வந்திருந்தார். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகவே திட்டுவார். மாதாவின் மடியில் குழந்தை இயேசுவாகச் சிற்றாலயத்துச் சுரூபத்தை வைப்பதுதான் அதுவரை வழக்கம். புது சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. “மண்ணு பொம்மையைக் கட்டிக்கிட்டு எவளுக்கும்மா பாசம் வரும்? உயிருள்ள குழந்தை வேணும்” என்றார். குழந்தை கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. எங்கள் தமிழ் டீச்சரின் ஆறு மாதப் பெண் குழந்தையை அவர்கள் வீட்டிலிருந்து தினமும் மதியம் கொண்டுவருவார்கள். டீச்சர் ஸ்டாஃப் ரூமில் பால் கொடுத்து அனுப்புவார். டீச்சர் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆக, எங்கள் பள்ளியில் இயேசுவும் பெண்தான்.

ஆனால் இயேசு யாரிடமும் போகவில்லை. மாதா வேடத்துக்கு சிஸ்டர் ஐந்து பேரைக் குறித்து வைத்திருந்தார். ஐந்து பேரும் பாடல் குழுவில் முன்வரிசை, முகத்தைப் பார்த்தால் படத்தில் இருக்கிற மாதிரி இருப்பார்கள். முதலாமவள் குழந்தையை வாங்கியதும் அது வீறிட்டது. இரண்டாமவள் பயந்து இறுக்கிப் பிடித்தாள், இன்னும் வீறிட்டது. மூன்றாமவள் மேல் ஒன்றுக்குப் போய்விட்டது. ஐந்தாவது ஆள் முறை வருவதற்குள் குழந்தை அழுது அழுது முகம் சிவந்து மூச்சு வாங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. கோலைக் கீழே போட்டுவிட்டுப் போய், “அப்பிடி இல்லட்டி, கழுத்துக்குக் கீழ கை குடு” என்று சொல்லி நானே வாங்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். அம்மாமார் மடியில் தட்டு இருக்கும், அதனால் குழந்தை எங்கள் இடுப்பில் இருக்கும். பள்ளி விட்டு வந்தால் யார் வீட்டுக் குழந்தையாவது ஒன்று எனக்கென்று காத்திருக்கும். போதாததற்குப் பெரிய அக்காவின் பையனையும் நான்தான் தூங்கப்போடுவேன். அந்தப் பழக்கத்தில் குழந்தையைத் தோளில் சாய்த்து, முதுகில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே “ஓ... ஓ...” என்று முனகினேன். என் குரல் கட்டைக் குரல். நெஞ்சில் அது அதிரும், குழந்தைகளுக்கு அது பிடிக்கும். ஐந்து நிமிஷத்தில் இயேசு வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டது.

சிஸ்டர் என்னை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “சரி. நீதான் மாதா” என்றார்.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. “சிஸ்டர், மாதாவுக்கு மீசை இருக்கு” என்று எவளோ கத்தினாள். இன்னொருத்தி கொஞ்சம் தயங்கி, “அவ கிறிஸ்டியன் இல்லையே சிஸ்டர்” என்றாள்.

“குழந்தைக்கு அது தெரியலையேம்மா” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று அசையாமல் நின்றேன்.

வேடம் கிடைத்ததே தவிர பெண்ணாக இருப்பது எனக்கு வரவில்லை. நாலு வருஷமாகக் காலை அகட்டி நடந்து, இடுப்பில் கை வைத்து நின்று, தொடையைத் தட்டிப் பேசி எல்லாம் அப்படியே உடம்பில் ஊறிவிட்டது. முதல் ஒத்திகையில் நான் போய் உட்கார்ந்ததைப் பார்த்த சிஸ்டர், “ஏம்மா, பஞ்சாயத்துக்கா வந்திருக்க?” என்றார். என்னைத் திருத்துகிற பொறுப்பை என் தோழி எடுத்துக்கொண்டாள். பாளையங்கோட்டைக்காரி, சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம், அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். எனக்கு நேர் எதிர், நாலே முக்கால் அடி. நாலு வருஷமும் மேடையில் என் மனைவி, என் மகள், என் மருமகள் எல்லாம் அவள்தான். இப்போது நான் மாதாவாகிவிட்டதால் அவள் தானாகவே முன்வந்து மாதாவின் கணவர் சூசையப்பர் வேடத்தை வாங்கிக்கொண்டாள்.

“எங்க சபையில யோசேப்புன்னுதாம்ட்டி சொல்லுவோம். ரெண்டும் ஒருத்தருதான்” என்றாள். “ஒரு தடவையாவது உன்னைய நான் அதட்டிப் பாக்கணும்.”

அப்படி அதட்ட நாடகத்தில் இடமே இல்லை. ஆனால் மதிய இடைவேளையில் அவள் ஆசை தீர அதட்டினாள். கணக்கு நோட்டை என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து, அது விழாமல் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்றாள். விழுந்தால் அன்றைக்கு என் டப்பாவில் இருக்கிற முட்டை அவளுக்கு. முதல் வாரம் முழுக்க முட்டை அவள்தான் தின்றாள். உயரப் பிரச்சினையை சிஸ்டர் ஒரே வரியில் தீர்த்துவிட்டார். திரை தூக்கும்போதே மாதா உட்கார்ந்திருப்பாள், திரை விழுகிறவரை எழுந்திருக்கமாட்டாள். பக்கத்தில் நிற்கிற சூசையப்பர் எவ்வளவு குள்ளமாக இருந்தாலும் மாதாவைவிட உயரம்தான்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா பீடி இலையை நறுக்கிக்கொண்டே கேட்டாள். “அப்பாட்டயும் சொல்லிரு. அவியளுக்கு மூடி மூடி வச்சா ஒண்ணும் வெளங்காது” என்றாள். எனக்கு இஷ்டமில்லை. சொல்லிவிட்டால் அவர் சிரித்துக்கொண்டே வந்து வேடிக்கை பார்ப்பார். சொல்லாமல் இருந்தால் திரை தூக்கிய அந்த நிமிஷத்தில் அப்படியே அசந்து நிற்பார். அப்படித்தான் நான் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அப்பாவிடம், “வெள்ளிக்கிழமை மத்தியானம் நாடகம் இருக்கு, வந்துருங்க” என்று மட்டும் சொன்னேன். “நான் வராம எவன் வருவான்?” என்றார்.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு மைதான மேடையில் தொடங்கியது. பெற்றோர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள், ஆண்கள் பின்னால் சுவரோரம். தோழிக்கு நான்தான் மீசை வரைந்துவிட்டேன். கைக்கு அது பழகிய வேலை. அவள் பதிலுக்கு என் தலையில் நீலத் துணியைப் போட்டு, முன்நெற்றியில் இறக்கி, காதோரம் ஊசி குத்தினாள். டீச்சர் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். திரை தூங்கி எழுந்த மாதிரி மெதுவாக மேலே போயிற்று.

எனக்கு வசனம் மொத்தம் நாலு வரி, அதுவும் குழந்தையிடம் மெல்லிய குரலில் சொல்வது. குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இடையர்கள் வந்தார்கள். முதல் இடையனாக என் இடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவளும் நல்ல உயரம், என் சாக்குத் துணியோடு வந்து நின்றாள். மூன்று ராஜாக்கள் வந்து கொண்டிருந்தபோது குழந்தை விழித்துக்கொண்டது. ஜிகினாக் கிரீடங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. இதோ அழப்போகிறது என்று மேடையில் எல்லோருக்கும் முகம் வெளுத்துவிட்டது. நான் முக்காட்டை இழுத்து அதன் முகத்தை மறைத்து, திறந்து, மறுபடி மறைத்தேன். அது சிரித்தது. கையை நீட்டி என் மூக்கைப் பிடித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒத்திகையில் இல்லாதது இது. நாடகம் என்பதே மறந்துபோய் அந்தக் குழந்தையின் உள்ளங்கையில் முத்தம் கொடுத்தேன். கூட்டத்தில் அதுவரை இருந்த சலசலப்பு அடங்கிவிட்டது.

அப்போது நிமிர்ந்து பார்த்தேன். சுவரோரத்தில் அப்பாவின் கை தெரிந்தது. எல்லோர் தலைக்கும் மேலே போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பாடா, பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் இருந்த சந்தோஷத்தைப் பொதுத்தேர்வு மார்க் வந்தபோதுகூட நான் அனுபவிக்கவில்லை.

வேடத்தைக் கலைத்து, முகத்தைக் கழுவி, யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, சிஸ்டரிடம் ஒரு கேக் துண்டும் வாங்கித் தின்றுவிட்டு கேட்டுக்கு ஓடினேன். வண்டிக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். முகம் சரியில்லை.

“என்னளா, கடைசி நேரத்துல உன்னையத் தூக்கிட்டாவளா?” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். “சரி விடு. அந்த ஆடு மேய்க்குத வேசத்துல வந்தது நீதாம்னு நெனச்சுப் படம் எடுத்துட்டிருந்தேன். வாயத் தொறந்ததும் நீ இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ராஜா மூணு பேரையும் பாத்தேன். சத்திரத்துக்காரனப் பாத்தேன். அங்கனயும் இல்ல. எதுக்கு உன்னைய எடுத்தாவ? பரிச்சையில மார்க்கு கொறஞ்சுட்டா? நான் வேணா அந்த சிஸ்டர்ட்ட வந்து கேக்கட்டுமா?”

நான் வண்டியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். உயரமாக ஒரு தலை, அதன் கீழே ஒரு மீசை. அவருக்கு நான் அவ்வளவுதானா? இருபது நிமிஷம் மேடையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தேன். வேறு எந்தப் பக்கமும் பார்க்க முடியாத இடம் அது. பேட்டை தாண்டும் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். அவர் சமாதானம் செய்கிறேன் என்று, “பிளஸ் ஒண்ணுல வேற பள்ளிக்கூடம், அங்கன இதைவிடப் பெருசா நடிக்கலாம்” என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தாங்கவில்லை.

“நான்தாம்ப்பா மாதா” என்றேன்.

“சும்மா கெட” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். காதோரத்தில் பவுடர் சரியாகப் போகவில்லை, இரண்டு ஊசிகள் இன்னும் முடியிலேயே இருந்தன. இரண்டு பக்கமும் பிசான நெல் நட்ட வயல், ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எடுத்த படத்தை ஓடவிட்டார். நானும் பார்த்தேன். முதல் இடையன், அவன் மீசை, அவன் கோல். அங்கிருந்து மற்ற இடையர்கள், ஒவ்வொரு முகமாக, அவசர அவசரமாக. பிறகு ராஜாக்கள். ஒரு முகத்தில் நிற்கும், இல்லை என்று தெரிந்ததும் அடுத்ததற்குத் தாவும். நான் வந்தது ஒரே ஒரு தடவை. இடையனிலிருந்து ராஜாவுக்குப் போகிற வழியில், ஒரு நீல முக்காடு, குனிந்த முகம், மடியில் குழந்தை. இரண்டு விநாடி இருக்கும். அப்பாவுக்குப் படத்தை நிறுத்திப் பிடிக்கத் தெரியாது. அது ஓடிவிடும், மறுபடி முதலிலிருந்து போடுவார், மறுபடி ஓடிவிடும். நாலைந்து தடவை அப்படிச் செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வயல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா மெதுவாகச் சொன்னார்.

“இந்தப் பிள்ளைய நான் பாத்தேம்மா. பாக்காம இல்ல. குழந்தை சிரிக்கும்போது இதுவும் சிரிச்சுதுல்லா, அப்ப பாத்தேன். யாரு பெத்த பிள்ளையோ, இவ அப்பன் குடுத்துவச்சவன்னு நெனச்சுக்கிட்டேன்.”